மூலிகையும் மனச்சோர்வும்: நீண்ட நாள் நோயாளிகள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள்

சர்க்கரை, இதய நோய், கிட்னிக் கோளாறு, மூட்டுவாதம், புற்றுநோய் என்று வருடக்கணக்கில் மாத்திரையோடு வாழ்கிறவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. நோயாளிகள் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இரண்டு விஷயங்களை: வீட்டில் சாப்பிடும் மூலிகை ஒன்று, மனசு சரியில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் மறைத்து வைத்திருப்பதும் அபூர்வமில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன்.

நோய் வந்தால் மனசு சோர்ந்துதானே போகும்? அதை ஏன் தனி வியாதி என்கிறார்கள்?

நோய் இன்னதென்று தெரிந்த அன்று அழுகை வரும். சில நாள் எதிலும் பிடிப்பு இருக்காது. அது துக்கம், நாள் போகப்போகக் கரையும். மனச்சோர்வு அப்படிக் கரையாது. இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டே கிடந்தாலோ, முன்பு ஆசையாகச் செய்தது எதுவும் இப்போது ருசிக்காமல் போனாலோ, சும்மா விடக் கூடாது.

2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 60 நாடுகளில் 2,45,000க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு. நாள்பட்ட நோய் ஒன்றாவது உள்ளவர்களில், நோயைப் பொறுத்து, 9 முதல் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் இருந்தது. நோய் இல்லாதவர்களிடம் இந்த அளவுக்கு இல்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று: மனச்சோர்வு இல்லாமல் இரண்டு மூன்று நோய் உள்ளவர்களைவிட, ஒரு நோயோடு மனச்சோர்வும் சேர்ந்தவர்களின் உடல்நிலை மோசமாக இருந்தது. "மனசுதானே" என்று தள்ளிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் என் நோயிலேயே இருக்கிறதே. எது எதனால் என்று எப்படித் தெரியும்?

உடம்பை வைத்துப் பிரிப்பது கஷ்டம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குக் களைப்பு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அதனால் உடம்பைவிட ஆசையைக் கேட்க வேண்டும். பேரப்பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தால் முகம் மலர்கிறதா? களைப்பாக இருந்தாலும், "முடிந்தால் செய்வேன்" என்று தோன்றுகிறதா, "முடிந்தாலும் எதற்கு" என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் அது மனச்சோர்வின் குரலாக இருக்கலாம்.

மருத்துவமனைகளில் பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10ஐத் தொட்டால் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதுவே தீர்ப்பு இல்லை. கதவைத் தட்டும் சத்தம், அவ்வளவுதான்.

கூடவே சில ரத்தப் பரிசோதனைகளையும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை வந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும் ஆள் இப்படியே இருப்பார். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். ஸ்டீராய்டு மாத்திரையும் மனநிலையைப் புரட்டிப் போடும்.

மூலிகை சாப்பிடுகிறவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்று எங்கோ படித்தேன். மூலிகையால் வருகிறதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. தொடர்பு இருக்கிறது. ஆனால் காரணம் பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 480 பெண்களிடம் எடுத்த ஆய்வு 1999இல் வெளியானது. அதில் 28 சதவீதம் பேர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக மாற்று மருத்துவத்துக்குப் போயிருந்தார்கள். மூலிகை மட்டுமில்லை, மற்ற வகைகளும் அதில் அடக்கம். மூன்றாவது மாதம் பார்த்தபோது, அப்படிப் போனவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகம், நோய் திரும்பி வந்துவிடுமோ என்ற பயமும் அதிகம். மருந்து அவர்களைச் சோர்வாக்கியது என்று இதற்கு அர்த்தமில்லை. தூங்க முடியாமல் உழன்றவர்கள்தான் வேறு வழி தேடினார்கள் என்று படிப்பதே பொருத்தம். ஆய்வு செய்தவர்களும் டாக்டர்களுக்கு அதைத்தான் சொன்னார்கள்: உங்கள் நோயாளி புதிதாக மாற்று மருத்துவம் தொடங்கினால், அவர் மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

மூலிகையே மனசைச் சோர வைக்கிறதா என்ற சந்தேகமும் ஒரு காலத்தில் வந்தது. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக 1950களிலேயே பதிவுகள் வந்தன. மூளையின் ரசாயனத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் தேட ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ரெசர்பினால்தான் மனச்சோர்வு வந்தது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இருந்தாலும் முன்பு மனச்சோர்வு வந்தவர்கள் சர்ப்பகந்தாவிலிருந்து தள்ளியே இருக்கலாம்.

டாக்டரிடம் ஏன் யாரும் சொல்வதில்லை?

1990இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், இப்படி மாற்று சிகிச்சை எடுத்தவர்களில் 72 சதவீதம் பேர் தங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை என்று தெரியவந்தது. ஏன் என்று ஆராய்ச்சி வேண்டாம், கவுண்ட்டரில் நின்றாலே போதும். "அவர் கேட்கவில்லை." "இதெல்லாம் மருந்தா என்ன?" "சொன்னால் திட்டுவார்."

ஒருமுறை ஒரு அம்மாவிடம், வீட்டில் சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மேஜையில் கொட்டினார். இதய மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. கடைசியாக லேபிள் இல்லாத ஒரு பழுப்பு பாட்டில். மூடியின் புரிகளில் பச்சைப் பொடி அப்பியிருந்தது. "இது என்னம்மா?" என்றேன். "தூக்கத்துக்கு" என்றார். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று கேட்டேன். "அவர் போனதிலிருந்து" என்றார். மாத்திரைகளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னவர், அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பாட்டிலைக் கேட்டிருக்காவிட்டால் மற்றது வெளியே வந்திருக்காது. அன்றிலிருந்து "என்ன மூலிகை?" என்பதற்கு அடுத்து "எதற்காக ஆரம்பித்தீர்கள்?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாதாமே?

வேலை செய்கிற எதற்கும் பக்கவிளைவு உண்டு. இல்லவே இல்லை என்றால் அது வேலையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க வைக்கும் ஒரு சிகிச்சையில் மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். அதில் சேர வேண்டிய ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா என்ற வேறொரு செடி கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் கிட்னி கெட்டது. பலருக்கு டயாலிசிஸ், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய்.

கலப்படம் இன்னொரு தொல்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கண்டறியும் அளவுக்கு இருந்தது. மூட்டுவலிக்கான மூலிகைப் பொடியில் ஸ்டீராய்டும், சர்க்கரைக்கான மூலிகையில் சர்க்கரை மாத்திரையும் கலந்து பிடிபட்ட கதைகள் பல நாடுகளில் உண்டு. "இரண்டே நாளில் வலி போச்சு, மனசும் ஜிவ்வென்று இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் கவலைப்படுவது அதனால்தான். ஸ்டீராய்டு அப்படித்தான் செய்யும், நிறுத்தும்போது ஆளைக் கவிழ்த்தும் விடும்.

மனச்சோர்வுக்கு உண்மையிலேயே கேட்கிற மூலிகை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடியைத்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தம் 5,489 பேர். மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைவிட அது மேல், வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு ஏறக்குறைய சமம், பக்கவிளைவு குறைவு என்று முடிவு வந்தது. ஆனால் 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில் அது மாவு மாத்திரையைத் தாண்டவில்லை. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் பிரதான அளவீட்டில் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூலிகைக்காரர்கள் முதல் ஆய்வையும் எதிர்ப்பவர்கள் இரண்டாவதையும் மட்டும் காட்டுவார்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்குப் பலன் தரலாம், தீவிரமானதற்கு அதை நம்பி உட்காரக் கூடாது என்பது என் கணக்கு.

குங்குமப்பூவுக்கும் ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் தினமும் 30 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு வாரம். முடிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஆய்வுகள் சின்னவை.

அப்படியானால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை நான் எடுத்துக்கொள்ளலாமா?

வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத, மற்றபடி ஆரோக்கியமான ஒருவர் கேட்டால் பதில் வேறு. நீங்கள் நாள்பட்ட நோயாளி. உங்களுக்கு என் பதில்: டாக்டரோ மருந்தாளுநரோ உங்கள் முழுப் பட்டியலைப் பார்க்காமல் வேண்டவே வேண்டாம்.

காரணம் இது. நாம் விழுங்கும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் ஈரலிலும் குடலிலும் இருக்கின்றன. இந்தச் செடியில் உள்ள ஹைப்பர்ஃபோரின் அந்த நொதிகளை முடுக்கிவிடுகிறது. மற்ற மருந்துகள் வேலை செய்வதற்கு முன்பே கழிந்து போகின்றன. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டும், சாப்பிடாதது போல் ஆகிவிடும்.

2000இல் லான்செட் இதழில் இரண்டு பேரைப் பற்றிய குறிப்பு வந்தது. இருவருமே இதய மாற்று செய்துகொண்டவர்கள். புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின் சாப்பிட்டு வந்தார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆரம்பித்த சில வாரங்களில் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு சரிந்து, உடம்பு இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்தியதும் அளவு மீண்டது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், எச்.ஐ.வி. மருந்தான இண்டினவிர் உடம்பில் சேரும் அளவு 57 சதவீதம் குறைந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்ஸின், சில புற்றுநோய் மருந்துகள், கருத்தடை மாத்திரை என்று பட்டியல் நீளும்.

மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையோடு இதைச் சேர்த்தால் வேறு ஆபத்து. செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி ஏறி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். வலிக்குக் கொடுக்கும் டிரமடாலோடும் இதே பயம் உண்டு. நிறுத்திய பிறகும் இதன் தாக்கம் இரண்டு வாரம் வரை நிற்கும்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வார்ஃபரின் போன்ற மருந்தின் வேகம் எதிர்ப்பக்கம் ஏறும். முதலில் டாக்டருக்கு ஒரு போன்.

அமுக்கரா? வல்லாரை? இவையெல்லாம் சாதுவானவைதானே?

அமுக்கரா கிழங்கு, அதாவது அசுவகந்தா, மனப்பதற்றத்தையும் தூக்கத்தையும் ஓரளவு சரிசெய்வதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. கூடவே ஈரல் பாதிக்கப்பட்டதாகவும் பதிவுகள் உண்டு: மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு. தைராய்டு ஹார்மோனையும் கூட்டிவிடலாம். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றின் வேகத்தையும் கூட்டக்கூடும். டென்மார்க் 2023இல் இதைத் தடை செய்தது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஈரல் நோயாளிக்கும், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், கர்ப்பிணிக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

வல்லாரையில் பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. பிரம்மி என்ற பெயரில் சிலர் வல்லாரையையும் சிலர் நீர்ப்பிரம்மியையும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடி. பாட்டிலில் தாவரவியல் பெயர் இல்லையென்றால் எதைச் சாப்பிடுகிறோம் என்பதே நிச்சயமில்லை.

என் நோய்க்கு எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

சுருக்கமாகச் சொல்கிறேன். பிரஷர் அல்லது இதய நோய் என்றால் அதிமதுரம்: தொடர்ந்து சாப்பிட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் போகும் மாத்திரையோ டிகாக்ஸினோ கூட இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு கிங்கோ என்ற மரத்தின் இலை மருந்து ஆகாது. பூண்டு, மஞ்சள் ஆகியவற்றின் செறிவூட்டிய கேப்ஸ்யூல்களும் சேர்த்தி. சமையலில் போடும் அளவைச் சொல்லவில்லை. கிட்னி நோயாளிகளுக்கு எந்தக் கஷாயமானாலும் கேட்காமல் வேண்டாம், அவ்வளவுதான். சர்க்கரைக்காரர்கள் பாகற்காய், வெந்தயப் பொடிகளை மாத்திரையோடு சேர்த்தால், தாழ்சர்க்கரை வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். படபடப்பும் வியர்வையும் வந்தால் "மனசு சரியில்லை" என்று படுத்துவிடாமல் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

மூலிகை ஆரம்பித்ததிலிருந்து தெம்பாக இருக்கிறது. மாத்திரைகளை விட்டுவிடலாமா?

வேண்டாம். இங்கேதான் மனச்சோர்வு தன் வேலையைக் காட்டும். மனச்சோர்வு உள்ள நோயாளிகள் மருத்துவர் சொன்ன சிகிச்சையைக் கடைப்பிடிக்காமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொல்கிறது. மாத்திரைப் பெட்டியைத் திறக்கவே அலுப்பாக இருக்கும் ஒருவருக்கு, "எல்லாவற்றுக்கும் பதிலாக இந்த ஒரு பொடி" என்ற பேச்சு தேனாக இனிக்கும். புற்றுநோயில் இதன் விலை பெரியது: குணமாக்கக்கூடிய நிலையில் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஏற்கெனவே எட்டு மாத்திரை. ஒன்பதாவதாக மனச்சோர்வுக்கு ஒன்றா?

மாத்திரைதான் என்று யார் சொன்னது? லேசான நிலையில் ஆலோசகரோடு பேசும் சிகிச்சையும், உடம்பு அனுமதிக்கிற அளவுக்கு உடற்பயிற்சியும் நல்ல பலன் தரும். மாத்திரை தேவைப்பட்டாலும் பயப்பட வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களிடமே செர்ட்ரலினைக் கொடுத்துப் பார்த்து, இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று 2002இல் உறுதி செய்திருக்கிறார்கள். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் "இது கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு ஆய்வும் எனக்குப் பிடிக்கும். சர்க்கரையோ இதய நோயோ, கூடவே மனச்சோர்வும் உள்ள 214 பேர்; 2010இல் முடிவு வந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரு நர்ஸ் தொடர்ந்து நேரில் பார்த்தும் போன் செய்தும், சர்க்கரை, பிரஷர், மனசு மூன்றையும் சேர்த்துக் கவனித்தார். ஒரு வருடத்தில் மனச்சோர்வு மட்டுமில்லை, சர்க்கரையும் கொழுப்பும் பிரஷரும்கூட மற்றப் பிரிவைவிட நன்றாகக் குறைந்தன.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது?

உள்ளே போனதும் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் நேரம் இருக்காது. "டாக்டர், தூக்கத்துக்காக ஒரு மூலிகை சாப்பிடுகிறேன். மனசும் ஒரு மாதமாகச் சரியில்லை." இது போதும். பாட்டிலைக் கையில் கொண்டுபோங்கள். அவர் முகத்தைச் சுளித்தால், "இதை நிறுத்த வேண்டுமென்றால் இதற்குப் பதில் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். திட்டுகிறவர்கூட அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வார்.

"நான் எல்லோருக்கும் பாரம், போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று அப்பா சொல்கிறார். புலம்பல்தானா?

புலம்பல் என்று நினைக்காதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா அப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை, மூலிகைகளையும்தான், கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ மனநல மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மூலிகையை எப்போது நிறுத்துவது?

பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தக் கசிவும், மயக்க மருந்தோடு ஏற்படும் மோதலும்தான் பயம். வார்ஃபரினோ மாற்று உறுப்புக்கான மருந்தோ கூட இருந்தால், எதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்துவிடாதீர்கள். நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று வேறு தொல்லை தொடங்கும். இரண்டின் பெயரையும் எழுதி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முந்தின நாள் பார்க்க வரும்போது கையில் கொடுங்கள்.